புகையா, வீட்டுப் பரிசோதனையா?

டெங்கு நுளம்பை ஒழிக்க அரசு எதற்கு அதிகம் செலவிட வேண்டும், புகைக்கா, வீடு வீடாகப் பரிசோதிப்பதற்கா? கொழும்பு கொட்டாஞ்சேனையில் புகை அடிக்கும் சத்தம் கேட்டாலே மனதுக்கு ஓர் ஆறுதல். ஆனால் புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் அதன் புழுக்களான குடம்பிகள் தப்பிவிடும். பத்து நாளில் அடுத்த கூட்டம் எழும்பும்.

வீடு வீடாகப் பரிசோதிக்க வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனாலும் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச் அடித்துக் காட்டினாரே, எங்கள் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தட்டில், விரலளவு தண்ணீரில் துள்ளிய குடம்பிகள்! எந்தப் புகை அங்கே போகும்? முட்டையோ காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. நோய் பரவிய தெருவுக்குப் புகை தேவைதான். ஆனால் அரசின் பணத்தில் பெரும்பங்கைப் பரிசோதனைக்கே கேட்பேன், அதுவும் மே மாத மழைக்கு முன்பே.