விஐபி டிக்கெட் பேக்கேஜ் விற்பனை ஒப்பந்தம்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில வருட அனுபவம்

கோலாலம்பூர் கச்சேரிகளுக்கு விஐபி டிக்கெட், பஸ், இரவுச் சாப்பாடு மூன்றையும் சேர்த்து விற்கும் வேலையை மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட்டில் சில வருடங்களாகச் செய்கிறேன். ஏற்பாட்டாளர்கள் மாறினாலும் நீட்டுகிற ஒப்பந்தம் ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாக இறங்கும் ஏஜெண்டுகள் கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் கடைசியில் படிப்பேன். ஆட்கள் கட்டிய பணம் கச்சேரி நாள்வரை யார் கையில் இருக்கும் என்று சொல்லும் வரியைத்தான் முதலில் தேடுவேன்.

காரணம் எங்கள் ஊர். இங்கே வாங்குகிறவர்கள் தோட்டத்துக் குடும்பங்கள், ஃபேக்டரியில் வேலை செய்யும் அவர்கள் பிள்ளைகள். விஐபி டிக்கெட்டை ஒரே தடவையில் காசு போட்டு வாங்குபவர்கள் குறைவு. சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். ஏற்பாட்டாளர் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. என் கடை தெரியும், என் வீடும் தெரியும்.

வழக்கமான ஒப்பந்தம் விற்ற சில நாளிலேயே முழுப் பணத்தையும் கேட்கும். நான் பாதியை முன்பணமாகவும் மீதியைக் கச்சேரியன்று கதவு திறந்த பிறகும் தருகிறேன் என்பேன். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் போனை வைத்துவிடுவார்கள். வைப்பவர்களோடு நான் வேலை செய்வதில்லை.

இதைவிடத் தலைவலி 'தள்ளிவைப்பு' விதி. கச்சேரி நடத்தவே முடியாமல் போனால் மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது: 57-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிவிடும், 66-ஆம் பிரிவு வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்கிறது. தேதி மட்டும் மாறினால் அப்படி இல்லை. 'டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், பணம் திரும்பாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதைத்தான் நம் முன்னால் நீட்டுவார்கள். ஒருமுறை ஒரு ஏற்பாட்டாளர் சனிக்கிழமைக் கச்சேரியைப் புதன்கிழமைக்கு மாற்றினார். "தம்பி, புதன்கிழமை ராத்திரி அங்க ஆடிட்டு வியாழன் காலை ஷிஃப்டுக்கு எப்படி வர்றது?" என்று ஒரு அக்கா கேட்டார். பஸ்காரருக்குக் கொடுத்த முன்பணமும் போனது. அதன்பிறகு, தேதி மாறினால் இரண்டு வாரத்துக்குள் கேட்பவர்களுக்கு டிக்கெட் பணத்தை ஏற்பாட்டாளரே தர வேண்டும் என்ற வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கான அரசு அமைப்பு) அனுமதி கிடைக்காத இழப்பும் ஏற்பாட்டாளர் பக்கமே என்று எழுதச் சொல்வேன். அனுமதிக்கு விண்ணப்பிப்பது அவர், நான் இல்லையே!

புகார் என்று வந்தால் இன்னொரு கோணல். வாங்கியவர் என் மேல் பயனீட்டாளர் (நுகர்வோர்) உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வரம்பு 50,000 வெள்ளி. விற்பதற்காக வாங்கும் நான் பயனீட்டாளர் ஆக மாட்டேன், அதனால் ஏற்பாட்டாளர் மேல் அங்கே போக முடியாது. வக்கீல் இல்லாமல் எளிதாகப் போகக்கூடிய வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைதான், அதுவும் 5,000 வெள்ளி வரைக்கும். ஒரு பஸ் ஆட்களின் விஐபி பணம் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒவ்வொரு ரசீதிலும் ஏற்பாட்டாளர் பெயரையும் போட்டு, நான் ஏஜெண்ட் மட்டுமே என்று அச்சடிக்கிறேன். என் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடாது. ஆனாலும் கடையில் நின்று சண்டை போடுபவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

நல்ல விதிகளும் உண்டு. விற்காத டிக்கெட்டைக் கச்சேரிக்கு முப்பது நாள் முன்பு திருப்பிக் கொடுக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அச்சிட்ட விலைக்கு மேல் டிக்கெட் விற்கக்கூடாது என்பதும் சரிதான். மீறினால் நான் ஏற்பாட்டாளரிடம் கட்டிய வைப்புத்தொகை முழுக்கப் போய்விடும் என்று மிரட்டுவார்கள். அந்தத் தொகை எழுதியபடி அப்படியே போய்விடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது, எழுதிய தொகை அதன் உச்சவரம்பு.

எனக்கு ஒத்துவராதது 'டிக்கெட்டைத் தனியாக விற்கக்கூடாது' என்ற விதி. அப்பா, அம்மா இங்கிருந்து பஸ்ஸில் வருவார்கள், மகன் கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் வேலை செய்வான், நேரே அரங்குக்கு வந்துவிடுவான். அவனிடம் பஸ் காசு எப்படி வாங்குவது? இப்போது 'சொந்தப் போக்குவரத்து' என்று ஒரு பேக்கேஜைக் கூடுதலாக எழுதி வாங்கிக்கொள்கிறேன், சாப்பாடு மட்டும் சேர்த்து.

அடுத்த ஒப்பந்தம் மேசையில் இருக்கிறது. கலைஞரோடு படம் எடுக்கும் பேக்கேஜில் 'நேரம் அனுமதித்தால்' என்று சேர்த்திருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எடுக்க மாட்டோம் என்றால் அந்த பேக்கேஜை மட்டும் விற்காமல் விடுவேன், பஸ் எப்போதும்போல் கிளம்பும்.