மோட்டார் ஹோம் டிரையர்: நாலு வருஷமும் ஒரு வாளிப் பஞ்சும்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். பழைய மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே குடியிருக்கும் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், துவைத்துக் காயவைக்கும் மெஷின் உள்ளேயே இருக்கிறதாம். "வாங்கலாமாங்க? நீங்கதான் நாலு வருஷமா வெச்சிருக்கீங்களே?" என்றார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் அந்த மெஷினை அலமாரியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருந்தோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் ஊருக்கு வெளியே பத்து நாள் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். குவார்ட்டர் எனும் 25 சென்ட் காசுகளைப் பையில் கட்டிக்கொண்டு, காசு போட்டுத் துவைக்கும் லாண்டிரோமேட் கடை தேடி ஒரு நாள்கூட அலையவில்லை. காலையில் போட்டால் மதியத்துக்குள் துவைத்து, அதே டிரம்மில் காய்ந்து வந்துவிடும். இந்த வசதிக்கு என் மனைவி கோயில் கட்டச் சொன்னாலும் கட்டுவாள்.

கோடையிலிருந்து காய நேரம் பிடித்தது. இரண்டரை மணி நேரம் நாலாயிற்று. மெஷினுக்கு வயசாகிறது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மெக்கானிக் வந்து, நானும் கைகொடுத்து இழுத்தபோதுதான் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். ஈரக்காற்றை வெளியேற்றச் சுவருக்குப் போகும் வெள்ளித்தாள் குழாய், யாரோ மெஷினை உள்ளே தள்ளியபோது நசுங்கி அப்பளமாகியிருந்தது. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் துணிப் பஞ்சு. தரை துடைக்கும் வாளி நிறைந்தது.

என் எரிச்சல் இதுதான். வீட்டு டிரையரில் பஞ்சு பிடிக்கும் வலை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், ஒவ்வொரு முறையும் உருவி எடுத்துவிடலாம். என் மெஷினில் அது கிடையாது. பஞ்சையும் ஈரக்காற்றையும் சேர்த்து வெளியே ஊதிவிடும். 'சுத்தம் செய்ய வலையே இல்லை' என்பதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்கள்! அடிக்கடி பார்க்கவேண்டிய குழாயை, அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டிக்குப் பின்னால், அளவெடுத்துச் செய்த அலமாரிக்குள் வைத்தால் யார் பார்ப்பது? குழாய் அடைத்தால் சூடு உள்ளேயே தங்கும். பஞ்சு பற்றிக்கொள்ள அதுவே போதும். நியாயமாகச் சொன்னால், வழவழப்பான உலோகக் குழாய் போடு, சுத்தம் செய் என்று கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. படிக்காதது நான்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கில், 2008 முதல் 2010 வரை குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ. முதல் காரணம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டது. அவை பெரும்பாலும் செங்கல்லும் மரமுமாக நிற்கும் வீடுகள். இங்கே சுவர் மெல்லிய பிளைவுட், வண்டியில் புரொப்பேன் சிலிண்டர், என் தலையணைக்கும் மெஷினுக்கும் நடுவில் மூன்றடி.

குழாயே வேண்டாத, நீரால் குளிர்வித்துக் காயவைக்கும் வகையும் உண்டு. அதில் இன்னும் நேரமாகும், பஞ்சும் மாயமாகிவிடாது, உள்ளேயே ஒட்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எண்ணெய்க் குளியல் துண்டு. நல்லெண்ணெய் ஊறிய துண்டு ஒரு தடவை துவைத்தால் முழுதாக விடாது. மீந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது தானே சூடாகும். டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்துக் கூடையில் அமுக்கி வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மசாஜ் நிலையத் துண்டுகள் இப்படித்தான் தீப்பிடிக்கின்றன. கடைசியில் மெஷின் சும்மா சுற்றுகிற ஆறவைக்கும் நேரம் இதைத் தடுக்கத்தான். நான் அதை வெட்டிவேலை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தவன். இப்போது சனிக்கிழமைத் துண்டுகள் வெளியே கொடியில்தான்.

அப்புறம், வண்டியோடு வந்த தீயணைப்பான் பி-சி வகை. எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் சரி, துணி எரிந்தால் அது ஆள் இல்லை. ஏ-பி-சி வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டினேன். அவசர ஜன்னலின் சிவப்புக் கைப்பிடியையும் முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். துருவேறி இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

நண்பரிடம் "அந்த மெஷினுக்காக வண்டி வாங்காதீங்க. வாங்கினாலும் கழற்றிப் போட்டுட்டு அங்கே அரிசி மூட்டை வையுங்க" என்றேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு. "அப்ப உங்களுதைக் கழற்றிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. புது உலோகக் குழாய் போட்டு உள்ளே தள்ளியாயிற்று. இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் நாற்பது நிமிடம். பால் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகவேண்டும், ஆனால் ஓடுகிற டிரையரை விட்டுவிட்டு எங்கே போவது?