ஆர்வெலா, ஹக்ஸ்லியா: நம் காலத்துக்கு யார் நெருக்கம்?

1949 அக்டோபரில் ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, இன்னொரு ஆங்கில நாவலாசிரியரான ஜார்ஜ் ஆர்வெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே கட்சி மக்களைக் கண்காணித்து ஒடுக்கும் நாட்டைக் காட்டும், அவ்வாண்டு ஜூனில் வெளிவந்திருந்த ஆர்வெலின் '1984' நாவலைப் பாராட்டிவிட்டு, முகத்தில் பூட்ஸ் காலை வைத்து மிதிக்கும் ஆட்சி காலவரையின்றி நீடிக்குமா என்று அதில் ஐயப்பட்டார். மக்களைச் சிசுப் பருவத்திலேயே பழக்கி வைப்பதும் மருந்தின் துணையோடு மனத்தை வசியப்படுத்துவதும் தடியையும் சிறையையும்விடத் திறமையான வழிகள் என்பதை ஆட்சியாளர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள் என்பது அவருடைய கணிப்பு. ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குச் சிறிது காலம் பிரெஞ்சு கற்பித்தவர் அவர். கடிதத்திலும் பழைய மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் தொனி இல்லாமலில்லை.

அன்று தொடங்கிய வழக்கில் ஹக்ஸ்லிக்கே வெற்றி என்று 1985இல் தீர்ப்பெழுதியவர் அமெரிக்க ஊடக ஆய்வாளர் நீல் போஸ்ட்மன். அவர் மனத்தில் இருந்தது தொலைக்காட்சி. கைபேசிக் காலத்திலும் அதே தீர்ப்பை அப்படியே எடுத்தாள்பவர்கள் பலர். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

ஹக்ஸ்லி வென்ற இடம் நுகர்வு. 1932இல் வெளியான அவருடைய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் ஆண்டுக் கணக்கே கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் பெயரால் நடக்கிறது. அடித்தட்டுக்கென உருவாக்கப்பட்ட குழந்தைகள் பூக்களை நோக்கித் தவழ்ந்து வரும்போது மின்னதிர்ச்சி கொடுத்து, பூ என்றாலே அஞ்சும்படி அவர்களைப் பழக்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. இயற்கையை ரசிக்கக் காசு வேண்டியதில்லை, அதனால் எந்த ஆலைக்கும் வேலையில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எனவே இயற்கையை வெறுக்கவும், ஆனால் கருவிகள் தேவைப்படும் வெளிப்புற விளையாட்டுகளை விரும்பவும் கற்பிக்கிறார்கள். மனித விருப்பத்தையே உற்பத்திப் பொருளாகக் கண்ட இந்தக் கூர்மை ஆர்வெலிடம் இல்லை. அவருடைய உலகில் நல்ல சவரப் பிளேடுக்கே பஞ்சம்.

ஆனால் ஹக்ஸ்லியின் 'சோமா' மாத்திரை மனிதரை அமைதிப்படுத்துவது. அந்த அமைதிதான் அரசின் நோக்கம். இன்றைய சமூக ஊடக நிறுவனங்களுக்கு நம் அமைதியால் லாபமில்லை. நாம் திரையை விட்டு அகலாதிருக்க வேண்டும், அதற்குக் கோபம் நன்றாகவே உதவுகிறது. இங்கே '1984'இன் 'இரண்டு நிமிட வெறுப்பு' நினைவுக்கு வர வேண்டும். திரையில் எதிரியின் முகம் தோன்றியதும் அலுவலகமே கூச்சலிடுகிறது. உள்ளூர ஆளும் கட்சியை வெறுக்கும் நாயகன் வின்ஸ்டனும், நடிக்கக்கூடத் தேவையில்லாமல், தானாகவே அந்த வெறியில் இழுபடுகிறான். வணிகம் ஹக்ஸ்லியினுடையது, உணர்ச்சி ஆர்வெலுடையது என்ற இந்தக் கலவையை இருவருமே எதிர்பார்க்கவில்லை.

கண்காணிப்பில் ஆர்வெலை நாம் தாண்டி வந்துவிட்டோம். அவருடைய தொலைத்திரை, காட்சியைக் காட்டுவதோடு எதிரே இருப்பவரையும் கவனிக்கும் திரை; அதற்குப் பின்னால் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே கட்சியினரை மட்டும் கவனித்துவிட்டு, மக்கள்தொகையில் 85 சதவீதமான பாட்டாளிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் பலர் வீட்டில் தொலைத்திரையே இல்லை. இன்று பதிவைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டாம். மலிவான கைபேசி வாங்கிய கூலித் தொழிலாளியும் கணக்கில் வருகிறார்.

ஆவணங்களைத் திருத்துவது பற்றி ஆர்வெல் எழுதியதை மட்டும் எவராலும் பழையதாக்க முடியவில்லை. 2009 ஜூலையில், விற்றவரிடம் பதிப்புரிமை இல்லை என்ற காரணத்தால், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களை அமேசான் நிறுவனம் அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அழிக்கப்பட்டவற்றில் ஒன்று '1984' என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்போம்.

இந்தப் போட்டியில் அதிகம் பேசப்படாத மூன்றாமவர் ருஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சம்யாதின். 1920களின் தொடக்கத்தில் அவர் எழுதி முடித்த 'நாம்' நாவல் 1988 வரை சோவியத் நாட்டில் வெளியாகவில்லை. ஆனால் ஆர்வெல் 1946இலேயே அதற்கு மதிப்புரை எழுதினார். அங்கே வீடுகள் கண்ணாடியால் ஆனவை. மனிதர்களுக்கு எண்களே பெயர்கள். இளஞ்சிவப்புச் சீட்டு பெற்றவர்கள் கலவிக்கென ஒதுக்கிய நேரத்தில் மட்டும் திரைச்சீலையை இறக்கலாம். கதைசொல்லியான டி-503க்கு இதில் குறையொன்றுமில்லை, பெருமைதான். ஆர்வெலின் நாயகன் தொலைத்திரையின் கண்ணில் படாத மூலை தேடி ஒளிகிறான்; ஹக்ஸ்லியின் மக்களுக்கு ஒளியும் எண்ணமே எழுவதில்லை. எல்லாம் தெரியும்படி வாழ்வதையே ஒழுக்கமாகக் கருதும் மனநிலையைக் காட்டியவர் சம்யாதின்தான். சாப்பிட்ட தட்டிலிருந்து மருத்துவமனைப் படுக்கை வரை நாமே படமெடுத்துப் பகிரும் இக்காலத்தின் அன்றாடத்துக்கு மூவரில் அவரையே நான் முதலில் வைப்பேன்.

எனினும் இந்த வரிசை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், பாங்காக்கில் சிலர் பொதுவெளியில் '1984'ஐ மௌனமாகப் படித்து எதிர்ப்பைக் காட்டினார்கள். சாண்ட்விச் தின்றபடி அதைப் படித்த ஒருவரைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். அத்தகைய ஆட்சிகளில் தடியும் சிறையும் இன்னும் வழக்கொழியவில்லை. அங்கே ஹக்ஸ்லியின் கடிதம்தான் காலத்தை முந்திக்கொண்டுவிட்டது.