மூடாத இமைக்கு எது துணை: களிம்பா, தங்க எடையா, தையலா?

காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு கிளை பிரிகிறது. அங்கே கட்டியை அகற்றிய பிறகு சிலருக்கு அந்தப் பக்கத்துக் கண் மூடுவதில்லை. மேலிமையைத் தூக்கும் தசைக்கு வேறு நரம்பு என்பதால் கண் திறக்கும், மூடத்தான் மறுக்கும். உலர்ந்து புண்ணாவது கருவிழி.

நரம்பு இழுபட்டதா, அறுபட்டதா என்று அறுவை செய்தவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். இழுபட்டது மட்டுமென்றால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அசைவு திரும்பும். அறுபட்டு ஒட்டுப் போட்டிருந்தால் காத்திருப்பு நீளும்; நரம்பு வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்.

முதல் வகையினருக்குச் சொட்டு மருந்தும் களிம்பும் பெரும்பாலும் போதும். இவை போட்டியாளர்களே அல்ல. சொட்டு பார்வையை மறைக்காது, ஆனால் சீக்கிரம் உலர்ந்துவிடும், பகலுக்கு அது. அடிக்கடி விடுவதானால் பதப்படுத்தும் பொருள் சேராத வகையாகக் கேட்டு வாங்குங்கள். களிம்பு மங்கலாக்கும், நெடுநேரம் நிற்கும், இரவுக்கு அது. பலரும் நம்பும் வெறும் கண்கட்டு எனக்குப் பிடிக்காதது: துணிக்கு அடியில் இமை விலகினால் துணியே கருவிழியை உரசும். அதைவிட, களிம்பிட்டு இமையை முழுதாக மூடி ஒட்டுநாடா போடுவது மேல். அதையும் ஒருமுறை செவிலியர் முன் செய்து பழகவேண்டும்.

மாதக்கணக்கில் நீளும்போதுதான் உண்மையான போட்டி. மேலிமைக்குள் சுமார் 1 கிராம் தங்கத்தையோ பிளாட்டினத்தையோ வைத்தால் இமை தன் கனத்தால் இறங்கும். பார்வைப் புலம் குறையாது. நரம்பு மீண்டால் எடுத்துவிடலாம். பிளாட்டினம் மெல்லியதாக அமையும், ஒவ்வாமையும் அரிது. குறை என்னவென்றால், இது புவியீர்ப்பை நம்பிய ஏற்பாடு. படுத்தால் அவ்வளவாக வேலை செய்யாது. இரவுக் களிம்பு தொடரும்.

இமைகளின் வெளி ஓரத்தைச் சேர்த்துத் தைப்பது அப்படியல்ல; நின்றாலும் படுத்தாலும் காக்கும். கண் சிறுத்துத் தெரியும், பக்கவாட்டுப் பார்வை குறையும். அதனால் பலர் தயங்குகிறார்கள். தோற்றத்தை எண்ணினால் நானும் எடையைத்தான் சொல்வேன். ஆனால் கருவிழியில் தொடுவுணர்வும் குன்றியிருந்தாலோ, மூட முயலும்போது விழி மேலே உருளாமல் நின்றாலோ, தையலே முந்துகிறது. உணர்வற்ற கருவிழியில் புண் வந்தாலும் வலி எச்சரிக்காது. அத்தகையவர்கள் சிவப்போ மங்கலோ கண்டால் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும்.