மாஹேபூர் திங்கள் சந்தையும் அதன் பின்னாலுள்ள கடைத்தெருக்களும்

மொரிஷியஸுக்கு வருகிறவர்கள் போர்ட் லூயி சந்தையைப் பார்த்துவிட்டு, இந்தத் தீவில் சந்தை என்றால் இதுதான் என்று திரும்பிவிடுகிறார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மாஹேபூர். ஒரு திங்கட்கிழமை காலையை அதற்கு ஒதுக்குங்கள். நான் தெற்குப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டுக் காய்கறியெல்லாம் இங்கே வாங்குவதுதான்.

சீக்கிரம் போக வேண்டும். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும், நல்ல மீனும் போய்விடும். முருங்கைக்கீரை, பீர்க்கங்காய், புடலங்காய், வெண்டைக்காய், சௌசௌ எல்லாம் குவியல் குவியலாக இருக்கும். "கி மன்யேர், மதாம்?" என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் நலம் விசாரித்துக்கொண்டே கொத்தமல்லிக் கட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களில் கூட்டம் நெரியும். வாழையிலை, எலுமிச்சை, தேங்காய், பூ என்று பாதிச் சந்தை கோயிலுக்குப் போகிற சரக்காகவே தெரியும். வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி சைவ விருந்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

பசித்தால் டால் பூரி. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். நடுவில் பெரிய பயற்றுக் கறி, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு, மிளகாய் வைத்துச் சுருட்டித் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். நின்றுகொண்டே சாப்பிடுங்கள், ஆறினால் விறைத்துவிடும். துணிக் கடைகளில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். அங்கே தொங்குவது எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிற இறக்குமதிச் சரக்குதான்.

பலர் இதோடு கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் கொஞ்சம் நடங்கள். கட்டம் போட்ட தாள் மாதிரி நேர்நேராக ஒன்றையொன்று வெட்டிப் போகும். 1800களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆளுநர் டெக்கான் காலத்தில் போட்ட ஊர் இது. 1810 ஆகஸ்டில் எதிரே தெரியும் விரிகுடாவில்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயக் கடற்படையைத் தோற்கடித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் தீவே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

1865இல் போர்ட் லூயியிலிருந்து ரயில் வந்தது. துறைமுகமும் ரயிலும் சேர்ந்தால் ஊர் எங்கேயோ போயிருக்க வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மலேரியா கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. வசதியுள்ளவர்கள் அதே ரயிலில் ஏறி, குளிர்ச்சியான க்யூர்பிப் மேட்டுக்குக் குடிபோனார்கள். 1964இல் ரயிலையும் மூடிவிட்டார்கள். ஊர் பெருகாமல் நின்றுபோனதால்தான் தகரக் கூரை போட்ட பழைய கடைகளில் சிலவாவது தப்பின என்று நான் நினைக்கிறேன். சீனர் கடையில் நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதி அரிசியும் எண்ணெயும் கடன் வாங்கிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். இப்போது பக்கத்திலேயே மால் வந்துவிட்டது. நாம் வாங்கினால்தான் இந்தக் கடைகள் இருக்கும்.

அப்புறம், கேவண்டிஷ் பாலத்தைத் தாண்டி வில் நுவாருக்குப் போங்கள். அங்கே ரோ குடும்பத்தாரின் மரவள்ளி பிஸ்கட் ஆலை 1870இலிருந்து நடக்கிறது. கிழங்கைத் தோல் சீவி, துருவி, பிழிந்து, உலர்ந்த மாவைச் சலிக்கிறார்கள். சூடான இரும்புத் தட்டின் மேல் சதுர அச்சுகளை வைத்து, மாவை அளந்து போட்டு, வெந்ததும் ஒவ்வொன்றாகக் கையால் திருப்புகிறார்கள். அடுப்பில் எரிவது காய்ந்த கரும்புச் சோகை. அந்த அனலுக்கு முன்னால் பெண்கள் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தால் ஒரு பாக்கெட்டோடு நிறுத்த மனம் வராது. எனக்குத் தேங்காய் போட்டது பிடிக்கும், என் பெண்ணுக்கு எப்போதும் சாக்லெட்தான். தனியாகக் கடித்தால் வறட்சியாக இருக்கும். வனிலா தேநீரில் தோய்த்துப் பாருங்கள், அப்போதுதான் ருசி தெரியும்.

இதே கரும்புச் சோகையைத்தான் 2020இல் 'வாகாஷியோ' கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது இந்த ஊர்க்காரர்கள் துணியில் அடைத்துத் தைத்து, மிதக்கும் தடுப்பாகக் கடலில் விட்டார்கள். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். அந்தச் சமயம் மீனவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் மீன் வாங்கும்போது ரொம்பப் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

குறை என்றால் வண்டி நிறுத்துவதுதான். திங்களன்று இடமே கிடைக்காது, பஸ்ஸில் வருவது உத்தமம். பஸ் நிலையம் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பைக்கு 2016 முதல் தடை என்பதால் நல்ல துணிப்பை ஒன்றும், சில்லறையும் கொண்டுபோங்கள். ஆலையைப் பார்க்க வார நாள்தான் சரி, ஆகவே திங்கள் காலையிலேயே இரண்டையும் முடித்துவிடலாம்.