ஏஞ்சலைப் பாத்து கேஸில் எடுக்காதீங்க: ஹீரோஸ் 3 புதுசா ஆடறவங்களுக்கு

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். என்கிட்ட இருக்கற பழைய லேப்டாப்ல புது கேம் எதுவும் ஓடாது, சரின்னு ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 போட்டுக் குடுத்தேன், டவுன் கட்டி, படை சேத்து, ஹீரோவை வெச்சு மாத்தி மாத்தி முறை போட்டு சண்டை போடற கேம். 1999ல வந்த கேம், அவன் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. கிராபிக்ஸைப் பாத்து மூஞ்சைச் சுளிப்பான்னு நெனச்சா, டவுன் (நம்ம படை வர்ற ஊர், ஒவ்வொண்ணுக்கும் தனி ஆளுங்க) செலக்ட் பண்ற எடத்துலயே பத்து நிமிஷம் உக்காந்துட்டான். "மாமா, இதுல எது எடுத்தா ஈஸியா ஜெயிக்கலாம்?" இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டுட்டாங்க, அதான் எழுதியே வெச்சுடலாம்னு.

வாங்காதவங்களுக்கு மொதல்ல ஒண்ணு. 2015ல யூபிசாஃப்ட் விட்ட ஹெச்டி எடிஷன் ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல இருக்கு, அதுல அர்மகெடன்ஸ் பிளேடு, ஷேடோ ஆஃப் டெத்ங்கற ரெண்டு எக்ஸ்பான்ஷனும் கெடையாது, ஒவ்வொரு தடவையும் புதுசா மேப் போட்டுத் தர்ற ராண்டம் மேப் கூட கெடையாது. அதனால ஜிஓஜிங்கற இன்னொரு கடைல இருக்கற, ரெண்டும் சேந்த கம்ப்ளீட் எடிஷன் வாங்குங்க, ஸ்கிரீன் சின்னதா தெரிஞ்சா ரசிகருங்க பண்ண ஹெச்டி மோடை இலவசமா போட்டுக்கலாம். சேல் போடும்போது வாங்கினா ஒரு பிரியாணி காசு கூட ஆகாது.

கம்ப்ளீட்ல மொத்தம் ஒம்போது டவுன். பையன் மொதல்ல எடுத்தது இன்ஃபெர்னோ, ஏன்னா கொம்பு வெச்ச சாத்தான் இருக்கு, வேற காரணம் இல்லை. புதுசா ஆடறவங்க தொடக்கூடாத டவுன் அதுதான்னு நான் சொல்லுவேன். அதுல மேகாக்னு ஒருத்தன் நெருப்பு உருண்டை வீசுவான், பாக்க சூப்பரா இருக்கும், ஆனா உருண்டை வெடிக்கற எடத்துக்குப் பக்கத்து கட்டத்துல நம்ம ஆள் நின்னா அவனும் சேந்து எரிவான். பையன் நாலு தடவை சொந்த ஆளையே வறுத்துட்டு "கேம் பக் மாமா"ன்னான். பக் இல்லடா, அப்படித்தான்.

ரெண்டாவது ஆட்டம் கேஸில். நெட்ல யாரைக் கேட்டாலும் கேஸில்தான் சொல்லுவாங்க, நானும் அதையேதான் சொல்லுவேன், ஆனா அவங்க சொல்ற காரணம் வேற, என் காரணம் வேற. எல்லாரும் கேஸிலோட பெரிய ஆளான ஏஞ்சலைக் காட்டித்தான் அந்த டவுனை எடுக்கச் சொல்றாங்க. ஏஞ்சல் நல்ல யூனிட்தான், இல்லைன்னு சொல்லலை, 200 ஹெல்த், அடிச்சா கூடக் கொறைய இல்லாம நேரா 50 டேமேஜ், ஆர்க்கேஞ்சலா அப்கிரேட் பண்ணிட்டா செத்தவனை எழுப்பியும் விடும். ஆனா புதுசா வர்றவன் தோக்கறதே அந்த ஏஞ்சலாலதான்.

எப்படின்னு பாருங்க. ஏஞ்சல் வர்ற கட்டடம் போர்ட்டல் ஆஃப் க்ளோரி, அதுக்கு 20000 கோல்ட், அது போக ஜெம், கிரிஸ்டல், சல்ஃபர், மெர்குரி எல்லாம் கேக்கும். டவுனுக்கு வருமானம் தர்ற சிட்டி ஹால் ஒரு நாளைக்குத் தர்றது 2000. அப்போ பத்து நாள் வேற எதுவும் வாங்காம கையைக் கட்டிட்டு உக்காரணும். பையன் அதையேதான் பண்ணான், நாலாவது வாரம் போர்ட்டலைக் கட்டி முடிச்சு ஒரு சவுண்டு வேற விட்டான் பாருங்க, பக்கத்து ரூம்லருந்து அக்கா ஓடி வந்துட்டா. அப்புறம் ஏஞ்சலை வாங்க க்ளிக் பண்றான், 3000 கோல்டும் ஒரு ஜெம்மும் வேணும், கையில கோல்டும் இல்லை, இருந்த ஜெம் எல்லாம் கட்டடத்துலயே போயிருச்சு. கல்யாண மண்டபத்துக்கு முழு காசையும் கட்டிட்டு சமையல்காரருக்கு அட்வான்ஸ் குடுக்க பணம் இல்லாம நிக்கற கதை. அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு ஏஞ்சல்தான் வரும், கோட்டையை முழுசா கட்டினா ரெண்டு.

மறுநாளே எதிரி, ஸ்ட்ராங்ஹோல்ட் டவுன் காரன், ஓநாய், ஓர்க், ஓகர்னு கூட்டிட்டு வாசல்ல நிக்கறான். டவுன்லயோ மொத வாரம் வாங்கின ஆளுங்க மட்டும்தான். நான் ஆர்ச்சர் கட்டடத்தைத் திறந்து காட்டினேன், மூணு வாரமா வாங்காம 27 ஆர்ச்சர் உள்ளயே தேங்கிக் கெடக்கறாங்க. ஆளுக்கு 100 கோல்ட், மொத்தமே 2700தான். அந்த 27 பேரை மதில் சுவருக்குப் பின்னாடி நிறுத்தியிருந்தா அந்த ஓர்க் கூட்டம் பாதி சுவர்கிட்டயே வந்திருக்காது.

கேஸிலை எடுக்கச் சொல்றதுக்கு என் காரணம் இந்த ஆர்ச்சர்தான். ரெண்டாம் லெவல்லயே தூரத்துலருந்து அடிக்கற ஆளு, வாரத்துக்கு ஒம்போது பேர், அப்கிரேட் பண்ணி மார்க்ஸ்மேன் ஆக்கினா ஒரு டர்ன்ல ரெண்டு தடவை சுடுவான். மொத வாரத்துலயே சின்ன அப்கிரேட் கட்டடத்தைப் போட்டுட்டா சுத்தி இருக்கற சுரங்கத்துல நிக்கற காவல்காரங்களை ஆள் சேதம் இல்லாம முடிச்சுடலாம். ஹீரோ எடுக்கும்போது வலெஸ்கா கிடைச்சா யோசிக்காம எடுங்க, ஆர்ச்சர் யூனிட்டுக்கே ஸ்பெஷலிஸ்ட் அவங்க.

சண்டையில எப்படி பண்ணணும்னு அவனுக்குக் காட்டினது இதுதான். தங்கச் சுரங்கத்துக்கு முன்னாடி ஒரு குள்ளர் கூட்டம். சண்டை மைதானம் குறுக்க 15 கட்டம், குள்ளனுக்கு ஸ்பீடு 3. பையன் வழக்கம் போல மொத டர்ன்லயே ஈட்டிக்காரனை முன்னாடி ஓட விட்டு சாவடிக்கப் பாத்தான், நான் மவுஸைப் பிடுங்கிட்டேன். ஆர்ச்சரை வெச்சு எதிரி மேல கர்சர் கொண்டு போனா அம்பு உடைஞ்ச மாதிரி தெரியும், பத்து கட்டத்துக்கு மேல தூரம்னு அர்த்தம், அப்போ பாதி டேமேஜ்தான். மொத ரவுண்டு வேற வழியில்லை, உடைஞ்ச அம்பையே அடிச்சுக்கோ. ரெண்டாவது ரவுண்டு அடிக்காதே, வெயிட் பட்டனை அமுக்கு, குள்ளன் மூணு கட்டம் நடந்து வரட்டும், இப்போ பாரு அம்பு முழுசாயிருச்சு, இப்போ அடி. அதுக்கப்புறம் மூணாவது, நாலாவது, அஞ்சாவது ரவுண்டு எல்லாம் முழு அம்பு. ஈட்டிக்காரங்க ஆர்ச்சருக்கு முன்னாடி டிஃபென்ட் அமுக்கிட்டு நின்னா போதும், ஏன்னா எதிரி பக்கத்துல வந்து ஒட்டிட்டா ஆர்ச்சரால சுட முடியாது. குள்ளனுங்க நம்ம வரிசை வரைக்கும் வந்து சேரும்போது ரெண்டு பேருதான் மிச்சம். பையன் அப்படியே வாயைப் பொளந்துட்டான், இந்த ஒரு வெயிட் பட்டன் தெரியாமதான் நான் எல்லாம் ஹாஸ்டல்ல ஒரு செமஸ்டர் முழுக்க தோத்துட்டிருந்தேன்.

கேஸில்ல இன்னொரு சவுகரியம் மொரேல், அதாவது படையோட தைரியம். கேஸிலோட நைட்ங்கற போர்வீரன் வகை ஹீரோவுக்கு மொரேலை ஏத்தற லீடர்ஷிப் திறமை ஆரம்பத்துலயே இருக்கும், ஒரே டவுன் ஆளுங்களா வெச்சா இன்னும் ஒரு புள்ளி ஏறும். மொரேல் ஏறினா யூனிட்டுக்கு சில சமயம் சும்மாவே ரெண்டாவது டர்ன் கிடைக்கும். வழியில சேர்றேன்னு வர்றவனை எல்லாம் சேத்துக்கிட்டு மூணு நாலு டவுன் ஆளுங்களைக் கலந்தா அதே மொரேல் கீழ போகும், எலும்புக்கூட்டை வேற சேத்தா இன்னும் மோசம். அப்புறம் கேஸிலோட பறக்கற மிருகம் க்ரிஃபின், ராயல் க்ரிஃபினா மாத்தினா எத்தனை பேர் அடிச்சாலும் ஒவ்வொருத்தனுக்கும் திருப்பி அடிக்கும், கூட்டத்துக்கு நடுவுல விட்டு டிஃபென்ட் போட்டுட்டு டீ குடிக்கப் போகலாம்.

குறை இல்லாம இல்லை. மந்திரம் கத்துக்கற கட்டடமான மேஜ் கில்ட் கேஸில்ல நாலாவது லெவலோட நின்னுடும், அஞ்சாம் லெவல் மந்திரம் கட்டடத்துல வராது. அது எல்லாம் புதுசா ஆடறவனுக்குத் தேவையே படாது.

எலும்புக்கூடு, வேம்பயர் படை இருக்கற நெக்ரோபோலிஸ் டவுன்தான் ஈஸின்னு ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும், தெரியும். ஜெயிக்கறதுக்கு ஈஸிதான், ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் செத்தவங்கள்ல ஒரு பங்கு எலும்புக்கூடா எந்திரிச்சு நம்மகிட்டயே வந்துடும், வேம்பயர் லார்டு எதிரியை அடிக்கும்போதே ரத்தத்தை உறிஞ்சி தான் இழந்ததைத் திரும்ப ஏத்திக்கும். ஆனா ஆள் சும்மா வர்றதால காசுக் கணக்கே பழகாது, இந்த எலும்புக்கூடு, வேம்பயர் ஆளுங்களுக்கு மொரேல் கிடையாதுங்கறதால அதுவும் புரியாது. அதுல பத்து ஆட்டம் ஆடிட்டு வேற டவுனுக்கு வந்தவன் மொதல்லருந்து கத்துக்கணும். மூணாவது நாலாவது ஆட்டத்துக்கு வெச்சுக்கோங்க.

எனக்குப் பிடிச்ச டவுன் கேட்டா ராம்பார்ட். கிராண்ட் எல்ஃபும் ரெண்டு தடவை சுடும், கருவூலம் கட்டினா ஒவ்வொரு வாரமும் கையிருப்புக்குப் பத்து சதவீதம் வட்டி வரும், எந்த பேங்க் தருவான்? ஆனா குள்ளனைக் கூட்டிட்டுப் போனா ஹீரோவே மெதுவா நடப்பான், படையில யார் ஸ்லோவோ அவன் வேகம்தான் மேப்ல ஹீரோவுக்கு, இது எங்கயும் பெருசா எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. டவர்ங்கற டவுன் மந்திரம் பிடிச்சவங்களுக்கு, செலவு எகிறும். டஞ்சன் டவுன்ல பிளாக் டிராகன் மேல எந்த மந்திரமும் ஏறாது, ஆனா அது வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். மத்ததை எல்லாம் ஆடிப் பாத்துக்கோங்க.

கேஸில் எடுத்தா மொத நாளே ஹீரோ கிடைக்கற கட்டடமான டேவர்ன்ல 2500 கோல்ட் குடுத்து ரெண்டாவது ஹீரோவை எடுங்க, அவன் கீழ கெடக்கற மரம், கல், கோல்ட் பொறுக்கட்டும், மெயின் ஹீரோ சண்டையை மட்டும் பாக்கட்டும். காசை டவுன் ஹால், சிட்டி ஹாலுக்கு மொதல்ல போடுங்க. வாரம் முடியறதுக்குள்ள சிட்டடல்ங்கற கோட்டைக் கட்டடத்தைக் கட்டிடுங்க, அடுத்த வாரம் எல்லா ஆளுங்களும் ஒன்றரை மடங்கு வருவாங்க. டிஃபிகல்ட்டி ஈஸில வெச்சா ஆரம்பத்துலயே 30000 கோல்ட் குடுப்பான், வெக்கப்படாம அதுலயே ஆடுங்க.

பையன் மூணாவது ஆட்டம் அப்படித்தான் ஆடினான், நாலாவது வாரம் அதே ஸ்ட்ராங்ஹோல்ட் காரன் வந்தப்போ சுவருக்குப் பின்னாடி மார்க்ஸ்மேன் வரிசையா நின்னாங்க, ஏஞ்சல் ஒண்ணு கூட இல்லை. ஊருக்குப் போய் நேத்து போன் பண்ணான், கேம் எல்லாம் ஜெயிச்சாச்சாம். "மாமா, மேகாக்கை எங்க நிறுத்தினா நம்மாளு எரிய மாட்டான்?"