உரப்பையா, மீன் பெட்டியா, குழாயா? திருகோணமலை வெயிலில் கீரை வளர்த்துப் பார்த்த கணக்கு

உவர்மலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது. முன்னால் பத்தடிக்கு எட்டடி சீமெந்து முற்றம், படி ஏறினால் ஒரு சின்ன மொட்டை மாடி. அவ்வளவுதான். 2022 ஆனியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்களே, அப்போது எங்கள் ஒழுங்கையில் பலரும் பையும் வாளியுமாக இறங்கினோம். முந்திய வருடத்து இரசாயனப் பசளைத் தடையால் விளைச்சல் விழுந்திருந்தது, மரக்கறி விலை கையைச் சுட்டது. நிலைமை சரியானதும் பலர் விட்டுவிட்டார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒரே கீரையை வேறு வேறு பாத்திரத்தில், வேறு வேறு மாதத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடம் குறைவென்றால் பச்சையாகச் சாப்பிடும் இலைக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். கத்தரிக்காய் சந்தையில் கிடைக்கும், கழுவி, வெட்டி, கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறோம். வல்லாரையை அப்படிச் செய்வதில்லை, சம்பலாகப் பச்சையாகவே வாய்க்குப் போகிறது. அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, எந்த வாய்க்காலில் அலசிக் கட்டுக் கட்டினார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. தவிர, காலையில் வாங்கிய கட்டு மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். சட்டியில் இருந்து நேரே பலகைக்கு வரும் இலையின் மொறுமொறுப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வேரைச் சுடாத பாத்திரம் எது?

புத்தகங்களில் மண் கலவை பற்றித்தான் நிறைய எழுதுவார்கள். இங்கே அதற்கு முன் கேட்க வேண்டியது பாத்திரம் எவ்வளவு சூடாகிறது என்பது. வைகாசி பிறந்தால் மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்று இறங்கி வந்து நம் பக்கம் அடிக்கிறது. கச்சான் காற்று. ஆவணி வரைக்கும் கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் காயும். இலைக்கும் அதே கதிதான்.

கறுப்புப் பொலித்தீன் பைதான் எல்லோரும் முதலில் வாங்குவது. மலிவு, எந்த நாற்றுக் கடையிலும் கிடைக்கும். நானும் இருபது பை வாங்கி மொட்டை மாடியில் அடுக்கினேன். ஆடி மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பையின் ஓரமாக விரலை மண்ணுக்குள் விட்டேன். உடனே எடுத்துவிட்டேன், தேநீர்க் கோப்பையைத் தொட்ட மாதிரிச் சுட்டது. வாடிப்போன தக்காளிப் பை ஒன்றைக் கிழித்துப் பார்த்தபோது, கிழக்குப் பக்கம் வேர் வெள்ளையாக இருந்தது. மேற்குப் பக்கம் கருகிய நூல் மாதிரிப் பொடிந்தது. பாதி வேரோடு அந்தச் செடி எத்தனை நாள் போராடியிருக்கும் என்று நினைக்க மனது கஷ்டப்பட்டது. மாரி காலத்துக்குக் கறுப்புப் பை குற்றமில்லை. கோடையில் சீமெந்துத் தரையில் வைக்கவே வேண்டாம்.

வெள்ளை உரப்பை அதைவிட நல்லது. வெயிலைத் திருப்பிவிடும், நெய்த பை என்பதால் வேருக்குக் காற்றும் போகும். விளிம்பை இரண்டு முறை மடித்து முக்கால்வாசி நிரப்பினால் ஒரு வெண்டியோ இரண்டு மிளகாயோ தாராளமாக நிற்கும். ஆனால் வெயிலில் இழை உக்கி ஏழெட்டு மாதத்தில் தூக்கும்போதே கிழியும். நடுவில் சல்லிக் கல்லை நிரப்பி, பக்கமெல்லாம் ஓட்டை போட்டு நடும் கோபுரப் பையையும் செய்து பார்த்தேன். ஒரு சதுர அடியில் இருபது கன்று என்பது கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால் மேலே காய்ந்தது, அடியில் சதசதவென்று ஊறியது, நடு வரிசை மட்டும் செழித்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் விட ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் அது சரி. மண்சட்டி குளிர்ச்சி, அழகு. விலையும் கூட, தண்ணீரும் கூட.

இப்போது மீன் பெட்டி. மீன் சந்தையில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியைச் சொல்கிறேன். விளிம்பு உடைந்தவற்றை ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் சும்மாவோ சொற்ப காசுக்கோ தருவார்கள். ஐஸ் உருகாமல் காப்பது எதுவோ அதுவே வேரையும் காக்கிறது. அதே ஆடி மாதம், அதே இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் விரல் விட்டேன். மேல் மண் சூடு, இரண்டு அங்குலம் கீழே குளிர்ச்சி. கீரைக்கு அரையடி ஆழ மண் போதும் என்பதால் பெட்டியை முழுக்க நிரப்பவும் தேவையில்லை, மாடிக்குப் பாரமும் குறையும்.

செய்முறை சுலபம். மீன் உப்பு போகும்வரை மூன்று தரம் கழுவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். கோடையில் ஓட்டையை அடியில் போடாமல், பக்கச் சுவரில் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போடுங்கள். அந்த இரண்டு விரல் ஈரம் கச்சான் நாளில் செடியைப் பின்னேரம் வரை தாங்கும். ஐப்பசி கடைசியில் மழை தொடங்கியதும் அடியிலும் நாலு ஓட்டை போட்டுவிட வேண்டும். வருடத்து மழையில் பெரும்பங்கு அடுத்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும், தேங்கினால் வேர் அழுகும்.

பெட்டிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வெயில் பட்டுப் பட்டு அது வெள்ளை மணியாக உதிரும். மழைத் தண்ணீரோடு ஓடினால் அது போய்ச் சேரும் இடம் நம் கடல்தான். நான் பெட்டியைச் சுற்றிப் பழைய சேலையை இழுத்துக் கட்டி வைக்கிறேன். உதிரத் தொடங்கியதும் மண்ணை எடுத்துவிட்டுப் பெட்டியைக் குப்பை எடுப்பவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும், மூலையில் போட்டு வைக்கக் கூடாது.

பி.வி.சி. குழாயில் ஓட்டை போட்டு, ஆல்பர்ட் கரைசல் என்ற பசளைக் கலவை சேர்த்த தண்ணீரை மோட்டாரால் ஓட விடும் முறையும் இப்போது பரவுகிறது. நண்பர் ஒருவர் பாலையூற்றில் அழகாக அமைத்திருக்கிறார். தை, மாசியில் அவருடைய சலாது (லெட்டூஸ்) இலையைப் பார்த்தால் கண் குளிரும். வைகாசியில் அதே குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகி, ஒட்சிசன் குறைந்து, வேர் பழுப்பாகி வழுக்கத் தொடங்கியது. கரண்டை நம்பியிருப்பதும் எனக்குப் பயம். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம். மண் இருந்தால் ஒரு நாள் மறந்தாலும் செடி பொறுக்கும். குழாய்க்கு அந்தப் பொறுமை இல்லை.

அப்புறம் நுளம்பு. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. ஆகவே சட்டிக்கு அடியில் தட்டு வைப்பது, திறந்த வாளியில் பசளைத் தண்ணீர் ஊற வைப்பது இரண்டையும் நான் செய்வதில்லை. இந்த விஷயத்தில் மண் நிரம்பிய பெட்டி திறந்த தண்ணீரைவிடப் பாதுகாப்பு.

கலவைக்கு நான் எடுப்பது செம்மண் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும். ஊற வைத்துப் பிழிந்து, தேநீர் நிறத் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். கடற்கரை மணலை எடுக்காதீர்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் விடுபவர்கள் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் அடியால் வழிந்தோடும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

சலாது இலையா, வல்லாரையா?

பிள்ளைகள் சலாது இலை கேட்கிறார்கள், அதனால் வருடா வருடம் போடுகிறேன். அது குளிர்நாட்டுப் பயிர், நுவரெலியாவுக்கு இயல்பானது. முப்பது பாகை வெப்பத்துக்கு மேலே போனால் விதை முளைக்கவே மறுக்கும். ஈரத் துணியில் சுற்றி இரண்டு மூன்று நாள் பிரிட்ஜில் வைத்துவிட்டு, மேலாகத் தூவி, மண்ணை மூடியும் மூடாமலும் விடுவேன். மார்கழி நடுவில் போட்டால் தை கடைசியில் வெளி இலைகளைக் கிள்ளத் தொடங்கலாம். தலை கட்டும் வகை இங்கே தலை கட்டாது, விரிந்து வளரும் வகையைத்தான் எடுக்க வேண்டும். பங்குனியில் நடுத்தண்டு நீளும், கிள்ளிய இடத்தில் பால் வடியும், இலை கசக்கும். அதோடு முடிந்தது. இரண்டு மாதச் சந்தோஷம், ஆனால் அந்த இரண்டு மாதம் நிச்சயமாகச் சந்தோஷம்.

வல்லாரைக்குப் பொறுமை வேண்டும். சந்தைக் கட்டில் வேரோடு இருப்பதைப் பொறுக்கி, படிக்கட்டு நிழலில் காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் நட்டேன். முதல் மாதம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு நூல் மாதிரிக் கொடி ஓடி, ஓடிய இடமெல்லாம் வேர் விட்டு, பெட்டி மூடிவிட்டது. பிடுங்காமல் காம்போடு நகத்தால் கிள்ளினால் கச்சான் காலத்திலும் கிடைக்கும், ஈரம் மட்டும் விடக் கூடாது. மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து, உப்பும் தேசிக்காய்ப்புளியும் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் போட வேண்டும். முன்னாலே போட்டால் தண்ணி விட்டுவிடும். பாரை மீன் குழம்புக்குப் பக்கத்தில் அதை வைத்தால் வேறு கறி தேவையில்லை.

ஆகவே வருடம் முழுக்க ஒரே பெட்டி என்றால் என் தெரிவு வல்லாரை. பெட்டி இரண்டு இருந்தால் இரண்டாவதில் பொன்னாங்காணி. கட்டு வாங்கி இலையை ஆய்ந்த பின் தண்டை எறியாமல், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் மூன்று நாலு கிழமையில் சுண்டலுக்கு வெட்டலாம், வெட்ட வெட்டத் தழைக்கும். கங்குங் இன்னும் வேகம், ஆனால் தண்ணீர் குடித்தே தீர்க்கும். பசளிக்குத் தரையே வேண்டாம், ஒரு பையும் ஏறுவதற்குக் கம்பி வேலியும் இருந்தால் போதும்.

காய் வகையில் மிளகாயும் கத்தரியும் மட்டும் வைத்திருக்கிறேன். ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும், ஓரடி ஆழம் வேண்டும். கத்தரியில் திண்ணவேலி ஊதாவை விரும்பி எடுக்கிறேன். தக்காளியை மழை முடிந்த பின்தான் நடுவேன், கோடையில் பூ உதிர்ந்துவிடும்.

கடைசியாக, திருகோணமலைக்கே உரிய ஒரு விஷயம். நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்களை எல்லோரையும் போல எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு மாசி விடியலில் முற்றத்தில் மூன்று பெட்டி சலாது இலையும் மொட்டையாக நின்றது. முதலில் நத்தை என்று நினைத்தேன். கிட்ட இருந்து பார்த்தால் தண்டு நார் நாராகப் பிய்ந்திருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, கத்தரித்த மாதிரிக் கடிக்காது, பிடித்து இழுக்கும். ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம் ஒன்றும் இருந்தது. அதற்குப் பிறகு சலாது இலை மொட்டை மாடிக்குப் போனது. கீழே இருக்கும் பெட்டிகளுக்குப் பழைய மீன் வலையை ஆறடி உயரத்துக்கு இழுத்துக் கட்டினேன். கொம்பு சிக்காமல் இருக்க, வலையைத் தொய்ய விடாமல் கம்பியில் விறைப்பாகக் கட்ட வேண்டும். இரவில் இன்னும் வந்து நின்று பார்க்கின்றன. வல்லாரைப் பெட்டி பத்திரமாக இருக்கிறது.